டர்போ வண்டிக்கு மேப் சென்சார் வாங்குமுன்
டர்போ போட்ட வண்டியில் பூஸ்டை (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) ஏற்ற வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, 22 பிஎஸ்ஐ ஓட்டப்போறேன், ஒன்றரை பார்தானே, 2.5 பார் சென்சார் தாராளமா போதும்ல?" போதாது. பூஸ்ட் கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதைத்தான், மேப் சென்சாரோ மேனிஃபோல்டில், அதாவது எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயில், வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து முழு அழுத்தத்தையும் அளக்கிறது. கடல் மட்டத்தில் வெளிக்காற்றே 101 கிலோபாஸ்கல், 22 பிஎஸ்ஐ என்பது சுமார் 152, கூட்டினால் 253, 2.5 பார் சென்சாரின் எல்லையோ 250. பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வு திறந்து அடங்குவதற்குள் பூஸ்ட் எகிறுமே, அதை நான் இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

எல்லை தாண்டினால் சென்சார் கெட்டுப்போகாது, செக் எஞ்சின் லைட் எரியும் என்ற உத்தரவாதமும் இல்லை. வோல்டேஜ் 5-ஐ ஒட்டிப் போய் அப்படியே நின்றுவிடும். மேனிஃபோல்டில் 270 இருக்கும், எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூ 250 என்று நம்பி அதற்குரிய பெட்ரோலை மட்டும் அடிக்கும், இக்னிஷன் டைமிங்கையும் பின்வாங்காது. எஞ்சின் உச்ச லோடில் இருக்கிற அந்த நேரம் பார்த்துக் கலவை லீன் ஆகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. இப்படி நாக்கிங்கில் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) அடிபட்ட எஞ்சினின் பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள், வெள்ளைப் பீங்கானில் மினுமினுவென்று அலுமினியப் பொட்டுகள் ஒட்டியிருக்கும். அது பிஸ்டனிலிருந்து வந்தது. ஹெட்டைத் திறந்து பிஸ்டனை வெளியே எடுத்தால் இரண்டு ரிங்குக்கு நடுவில் உள்ள விளிம்பு துண்டாகப் பெயர்ந்திருக்கும்.

அதனால் 18, 19 பிஎஸ்ஐ வரைக்கும் 2.5 பார், அதற்கு மேல் 25 வரை 3 பார், அதையும் தாண்டினால் 4 பார் என்பது என் கணக்கு. எதற்கு வம்பு, எல்லாவற்றுக்கும் 4 பாரே போட்டுவிடலாமே என்றால், சென்சார் வோல்டேஜை 1024 படிகளாகப் பிரித்துப் படிக்கும் 10-பிட் ஈசியூவில் ஒரு படி சுமார் 0.4 கிலோபாஸ்கல் ஆகிவிடும், 35 கிலோபாஸ்கலில் ஓடும் ஐடிலில் அது ஒரு சதவீதத்துக்கு மேல். 12-பிட் என்றால் கவலையே வேண்டாம்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை, சென்சாரை மாற்றிவிட்டு ஈசியூவில் ஸ்கேலிங்கை (வோல்டேஜை அழுத்தமாக மாற்றும் கணக்கு) மாற்றாமல் விடுவது. 2.5 பார் கணக்கு இருக்கும் ஈசியூவில் 3 பார் சென்சாரைச் சொருகினால் உண்மையான 200 அதற்குச் சுமார் 167 ஆகத் தெரியும், பெட்ரோலில் ஆறில் ஒரு பங்கு போச்சு. "3 பார்" என்ற லேபிளும் போதாது, எத்தனை வோல்ட்டுக்கு எத்தனை கிலோபாஸ்கல் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டேட்டாஷீட் தராத கடையில் வாங்காதீர்கள். மாட்டியதும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பார்த்தால் கோயம்புத்தூரில் 96 பக்கமும், ஊட்டியில் 78 பக்கமும் காட்ட வேண்டும். அதோடு நிறுத்திவிடாமல் கைப்பம்ப் வைத்து பூஸ்ட் பக்கம் இன்னொரு அழுத்தத்திலும் சரிபாருங்கள், ஒரு புள்ளி பொருந்துவதால் மற்றதும் பொருந்தும் என்று அர்த்தமில்லை.

பூஸ்ட் எல்லை தாண்டினால் ஈசியூ பெட்ரோலை நிறுத்தும் ஃப்யூவல் கட் வராமல் இருக்க மேப் வோல்டேஜை அமுக்கி வைக்கும் கிளாம்ப் விற்கிறார்களே, அது நான் மேலே சொன்ன அதே ஆபத்தைக் காசு கொடுத்து மாட்டிக்கொள்வது. வேண்டவே வேண்டாம்.

மாட்டும்போது சென்சாரின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், ஆயில் தேங்காது. ஹோஸைத் த்ராட்டிலுக்கு அப்புறம், மேனிஃபோல்டின் காற்று அறையான பிளீனத்திலிருந்து தனியாக எடுங்கள், த்ராட்டில் மூடும்போது அழுத்தத்தை வெளியேற்றும் ப்ளோ-ஆஃப் வால்வின் லைனோடு டீ (T) இணைப்பு போடாதீர்கள், இரண்டு முனையிலும் கிளிப் போடுங்கள். பூஸ்டில் அந்த ஹோஸ் கழன்றாலும் ஈசியூ வெளிக்காற்றைத்தான் படிக்கும்.