மூன்று முறை உலகச் சாம்பியன், கையில் மிஞ்சியது 800 டாலர்

"இது அதிர்ஷ்டம் இல்லை டாக்டர், திறமை. நான் நல்லா ஆடுவேன்." ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுவிட்டு, வீட்டார் கட்டாயத்தில் என் முன்னால் வந்து உட்காரும் இளைஞர்கள் பலர் முதல் நாளில் சொல்வது இதைத்தான். அவர்களில் சிலர் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறவர்கள். அதனால் நான் மறுத்துப் பேசுவதில்லை. அமெரிக்கச் சீட்டாட்டக்காரர் ஸ்டு அங்கரைப் பற்றிச் சொல்வேன்.

1953இல் நியூயார்க்கில் பிறந்தவர் அங்கர். அப்பா நடத்திய மதுக்கூடத்திலேயே சூதாட்டமும் நடந்தது. இளம் வயதிலேயே, இருவர் ஆடும் ரம்மி வகையான ஜின் ரம்மியில் அவருக்கு எதிரே உட்கார யாரும் துணியாத நிலை வந்தது. ஆட ஆள் இல்லாமல், பணம் வைத்து ஆடும் இன்னொரு சீட்டாட்டமான போக்கருக்கு மாறினார். லாஸ் வேகாஸில் நடக்கும் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் முதன்மைப் போட்டியை 1980இல் வென்றார். அடுத்த ஆண்டும் அவர்தான். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் இறங்கிய சீட்டையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வார் என்பதால் கேசினோக்கள் (சூதாட்ட விடுதிகள்) அவரை மேசைப் பக்கமே விடவில்லை.

சீட்டில் வந்த பணம் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் போட்டிகள் மீதான பந்தயத்திலும் போனது. கூடவே கொக்கைன்.

1990 போட்டியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மூன்றாம் நாள் அங்கர் மேசைக்கு வரவில்லை. போதைப்பொருளால் சுயநினைவின்றி ஓட்டல் அறையில் கிடந்தார். முதல் இரண்டு நாளில் அவர் சேர்த்த சிப்புகள் (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகள்) அவ்வளவு இருந்தன. ஆளே இல்லாத நாற்காலியிலிருந்து சுற்றுக்குச் சுற்று கட்டாயப் பந்தயத்துக்குச் சிப்பு எடுத்தும், அவருக்கு ஒன்பதாம் இடம் கிடைத்தது. அந்தத் திறமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். அது அவரைக் காப்பாற்றவில்லை.

1997இல் நுழைவுக் கட்டணம் 10,000 டாலரைக் கட்டக்கூட அவரிடம் பணம் இல்லை. நண்பர் பில்லி பாக்ஸ்டர் கட்டினார். மகளின் படத்தைக் கூடவே வைத்துக்கொண்டு ஆடி, மூன்றாம் முறையும் வென்றார். பரிசு 10 லட்சம் டாலர். அதில் பாதி பாக்ஸ்டருக்கு. மீதிப் பாதியும் சில மாதங்களிலேயே கரைந்தது. 1998 நவம்பரில் லாஸ் வேகாஸின் ஒரு மலிவான மோட்டல் அறையில் இறந்து கிடந்தார். வயது 45. அறையில் இருந்தது சுமார் 800 டாலர்.

எந்தச் சீட்டைக் கழிக்க வேண்டும் என்று தெரிவது ஒரு திறமை. எப்போது எழுந்து போக வேண்டும் என்பது முற்றிலும் வேறு. பழக்கம் முற்றும்போது கெட்டுப்போவது இந்த இரண்டாவதுதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல் சூதாட்ட நோயை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்தது. கணக்கில் கெட்டியான ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். தோற்ற நாளைவிட, ஜெயித்த நாளின் மறுநாள்தான் அவர் அதிகம் இழந்திருந்தார். "விட்டதைப் பிடிக்கணும்" என்ற எண்ணம் போலவே "வந்ததைப் பெருக்கணும்" என்பதும் ஆபத்தானது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடனைச் சத்தமில்லாமல் அடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அந்த நிம்மதியே பலருக்கு அடுத்த ஆட்டத்தின் முதலாகிவிடுகிறது. வங்கிக் கணக்கைக் கொஞ்ச காலம் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். திட்டாமல் உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம், "இனி வாழ்ந்து என்ன" என்பது போல ஒரு வார்த்தை காதில் விழுந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், நடு இரவிலும் எடுப்பார்கள்.