கரண்ட் பில் எகிறினால் முதலில் பார்க்க வேண்டியது

"மீட்டர் தாறுமாறா ஓடுது சார், வந்து பாருங்க." கோடை மாத பில் வந்ததும் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். வயரிங் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், மீட்டரே கெட்டுப்போவது அபூர்வம். அதற்காக வந்த பில்லெல்லாம் சரி என்றும் இல்லை.

முதலில் ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். யூனிட் கூடக்கூடக் கட்டணம் படிப்படியாக ஏறும்; 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். 490 எடுத்த வீடு 510 எடுத்தால், ஏறும் தொகை அந்த இருபது யூனிட்டுக்கானது மட்டுமல்ல. ரீடிங் எடுத்த தேதிகளையும் ஒப்பிடுங்கள். பத்து நாள் தள்ளி வந்திருந்தால் அந்தப் பத்து நாள் யூனிட்டும் இதே பில்லில்தான் சேர்ந்திருக்கும்.

அப்புறம் மீட்டர். அதில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரிலேயே அச்சாகியிருக்கும், பல மீட்டர்களில் 3200. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை மட்டும் பக்கெட் தண்ணீரில் போட்டு ஓட விடுங்கள் (தண்ணீரில் கை வைக்கக் கூடாது, சொல்லவே வேண்டாம்). நிமிடத்துக்குச் சுமார் 53 சிமிட்டல் வரவேண்டும். வோல்டேஜைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எழுபதைத் தாண்டினால் மீட்டரைச் சோதிக்கச் சொல்லி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அதற்கான கட்டணத்தையும் கட்டிவிடலாம்.

இன்னொரு சோதனைதான் எனக்குப் பல வீடுகளில் விடை சொல்லியிருக்கிறது. எம்.சி.பி. (ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் சின்ன ஸ்விட்ச்) எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள், மெயின் ஸ்விட்ச் மட்டும் ஆனில் இருக்கட்டும். விளக்கு அப்போதும் சிமிட்டுகிறதா? இப்போது மெயினையும் ஆஃப் செய்யுங்கள். சிமிட்டல் நின்றுவிட்டால் பெரும்பாலும் உங்கள் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) வேறொரு இணைப்பின் நியூட்ரலோடு கலந்திருக்கிறது.

ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று சர்வீஸ் (தனித்தனி மின் இணைப்பு) உள்ள வீடுகளில் இது சகஜம். மாடிப்படி விளக்குக்கோ மோட்டாருக்கோ வயர் இழுத்தவர், கைக்கு எட்டிய நியூட்ரலில் முறுக்கிவிட்டுப் போயிருப்பார். இன்றைய மீட்டர்கள் திருட்டைப் பிடிப்பதற்காக பேஸ் (கரண்ட் வரும் வயர்), நியூட்ரல் இரண்டிலும் ஓடும் கரண்டை அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். அதனால் மாடியில் ஏசி ஓட, கீழ் வீட்டு மீட்டரும் சேர்ந்து ஓடும். கீழே குடியிருக்கும் வயதான தம்பதி இரண்டு ஃபேனுக்கும் ஒரு ஃபிரிட்ஜுக்கும் நாலாயிரம் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் போட்டிருந்த ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் கருவி) ஓயாமல் டிரிப் ஆகிக் காட்டிக் கொடுத்திருக்கிறது. "அது சும்மா சும்மா விழுது" என்று யாரோ அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்திருந்தார்கள். உயிரைக் காக்கிற கருவியைக் கழற்றுகிற ஆளை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

மோட்டாரையும் கவனியுங்கள். டாய்லெட் ஃபிளஷ் சொட்டிக்கொண்டே இருந்தால் டேங்க் இறங்கும், மோட்டார் கூடுதலாக ஓடும். ஒரு எச்.பி. மோட்டார் தினம் இரண்டு மணி நேரம் அதிகம் ஓடினால் இரண்டு மாதத்தில் நூறு யூனிட்டுக்கு மேல் போகும். பிளம்பருக்குக் கொடுக்கும் காசு அதைவிடக் குறைவு.

வீட்டுப் பக்கம் எல்லாம் சரி, பில்தான் தப்பு என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் பதியலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பில் விவகாரத்துக்குப் போன் மட்டும் போதாது. உதவிப் பொறியாளருக்கு ஒரு பக்கம் எழுதி, பழைய பில்களின் நகலும் மீட்டர் போட்டோவும் வைத்து, கொடுத்ததற்கு சீல் வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் அடுத்தது மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் இயங்கும் நுகர்வோர் குறைதீர் மன்றம். அதற்கும் மேலே சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வக்கீல் தேவையில்லை.

"வழக்கு முடியும்வரை கரண்ட்டை வெட்டிவிட்டால்?" என்பார்கள். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56 இதற்கு வழி வைத்திருக்கிறது. கேட்கும் தொகை, கடந்த ஆறு மாதச் சராசரியில் கணக்கிட்ட தொகை, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபணையுடன் கட்டினால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. 'ஆட்சேபணையுடன்' என்பதை எழுத்தில் கொடுத்தே கட்டுங்கள்.

அதே பிரிவுப்படி, பாக்கிக்காகத் துண்டிப்பதற்கு முன் எழுத்துமூலம் 15 முழு நாள் நோட்டீஸ் தர வேண்டும். ஆகவே "இன்று இரவு 9.30க்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த அதிகாரியை உடனே அழைக்கவும்" என்று பத்து இலக்கத் தனி நம்பரிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ். மோசடி. திருப்பி அழைக்காதீர்கள், அவர்கள் அனுப்பும் ஆப்பை இறக்காதீர்கள். பணம் போய்விட்டால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே அடியுங்கள்.