பொழுதுபோக்குதானே என்று கைவலியை ஒதுக்காதீர்கள்

கை அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு யார் வந்தாலும், "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்பேன். தச்சர், சமையல்காரர், கணினியில் தட்டச்சு செய்பவர் எல்லோரும் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். வீட்டில் கைவினை செய்பவர்கள்தான் தயங்குவார்கள். "வேலைன்னு ஒண்ணும் இல்ல டாக்டர்" என்பார்கள். துருவிக் கேட்டால் தினமும் மூன்று நான்கு மணி நேரம் குரோஷா பின்னுவது தெரியவரும். மணி கோப்பது, ரெசின் (அச்சில் ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றுவது, துணிப் பொம்மை தைப்பது என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். அதைச் சொல்லவே கூச்சப்படுவதால், அதனால் வந்த வலிக்கு மருத்துவம் பார்ப்பதற்கும் கூச்சம் வந்துவிடுகிறது. எனவே பெரும்பாலோர் தாமதமாகத்தான் வருகிறார்கள். என் கவலை அந்தத் தாமதத்தைப் பற்றியது.

கைவினையை நிறுத்தச் சொல்லி நான் இதை எழுதவில்லை. பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல்காரர்களிடம் எடுத்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. அடிக்கடி பின்னுகிறவர்கள் மன அமைதியையும் மகிழ்ச்சியையும் அதிகம் உணர்வதாக அதில் சொல்லியிருந்தார்கள். ஒரு குட்டித் தொப்பியை முடித்து நூலை அறுக்கும்போது ஒருவர் முகத்தில் வரும் நிறைவை நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு ஈடாக நான் எழுதித்தர என்னிடம் மருந்து கிடையாது. அதனால்தான் அந்தக் கைகள் கெட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

நான் அதிகம் பார்ப்பது கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு வலியைத்தான். கட்டைவிரலை விரிக்கவும் தூக்கவும் உதவும் இரண்டு தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் சேர்ந்து ஓடுகின்றன. ஊசியை இறுக்கிப் பிடித்து ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த உறை தடித்துப்போகிறது. தசைநாண்கள் உரசி உரசி வலியெடுக்கும். 1895இல் இதை விவரித்த சுவிஸ் அறுவை சிகிச்சை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வைன் பெயராலேயே இது இன்றும் அழைக்கப்படுகிறது. பின்னும்போது வலி தெரியாமல் இருக்கலாம். பாட்டில் மூடியைத் திருகும்போது, துணி பிழியும்போது, குழந்தையைத் தூக்கும்போது சுரீர் என்று இழுக்கும். அந்தக் கட்டத்திலேயே வந்துவிட்டால் கட்டைவிரலையும் சேர்த்துத் தாங்கும் பட்டையும் சில வார ஓய்வுமே பலருக்குப் போதும். மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டு வருபவர்களுக்குத்தான் ஊசி மருந்து, அபூர்வமாக அறுவை சிகிச்சை என்று போகிறது.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறதா? அது வேறு கதை. மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்படுகிறது. கார்பல் டனல் என்பது இதைத்தான். இதை ரொம்ப நாள் விட்டால் கட்டைவிரலின் அடித்தசை மெலிந்துபோகும். மெலிந்த தசை முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

தடுப்பதற்குப் பெரிய செலவில்லை. கைப்பிடி தடித்த ஊசியை வாங்குங்கள். போர்வை போன்ற பெரிய வேலை என்றால் மடியில் தலையணை வைத்து அதன்மேல் போட்டுக்கொள்ளுங்கள். அதன் கனத்தை மணிக்கட்டு சுமக்கக் கூடாது. அரைமணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை நன்றாக விரித்து மடக்குங்கள். "இன்னும் ஒரே ஒரு வரிசை" என்று தோன்றுகிற நேரத்தில் கை ஏற்கெனவே களைத்திருக்கும்.

களைப்பில் நடக்கும் இன்னொன்று, பசையை உருக்கி ஒட்டும் கருவியான குளூ கன் சுட்டுவிடுவது. அதிக வெப்ப வகையில் பசை ஏறக்குறைய 190 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். குறைந்த வெப்ப வகையிலேயே 120 டிகிரியை ஒட்டி இருக்கும். வெந்நீர் பட்டால் வழிந்துவிடும், பசை அப்படியே ஒட்டிக்கொண்டு உள்ளே சுட்டுக்கொண்டே இருக்கும். பதறிப்போய்ப் பிய்த்தெடுத்தால் தோலும் சேர்ந்து வரும். நேராகக் குழாயடிக்குப் போங்கள். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வையுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். பசை ஆறி இறுகிய பிறகு தானாகக் கழன்றால் சரி, இல்லாவிட்டால் எங்களிடம் விட்டுவிடுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டவே வேண்டாம்.

சூப்பர் குளூ விரல்களை ஒட்டிவிட்டால் இழுத்துப் பிரிக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவிட்டு மெல்ல உருட்டி உருட்டிப் பிரியுங்கள். பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. சிந்திய சூப்பர் குளூவைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைத்தால் அது பருத்தியோடு வினைபுரிந்து வேகமாகச் சூடேறும். புகைகூட வரும், தோல் வெந்துபோகலாம். கண்ணில் பட்டால் இமையைப் பலவந்தமாகத் திறக்காமல் வெதுவெதுப்பான நீரில் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போங்கள். சொட்டு மருந்துக் குப்பி இருக்கும் இடத்தில் இந்தக் குப்பியை வைக்கவே வைக்காதீர்கள், இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும்.

ரெசின் செய்பவர்கள் என்னிடம் சொல்வது, "இவ்வளவு நாளா ஒண்ணும் ஆகலையே!" அது அப்படித்தான் வரும். ரெசினில் இருக்கும் எபாக்சி என்ற வேதிப்பொருள் இறுகும் முன் தோலில் பட்டுப் பட்டு, உடல் ஒருநாள் அதை எதிரியாக முடிவு செய்துவிடும். அதன்பின் கொஞ்சம் பட்டாலும் விரலிடுக்கில் அரிப்பு, கொப்புளம், இமை வீக்கம். அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுக்க நிற்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள், ரெசின் பட்டதும் மாற்றுங்கள். தோலில் பட்டதை அசிட்டோன் கொண்டு துடைக்காதீர்கள், சோப்பும் தண்ணீரும் போதும். காற்றோட்டமான அறை வேண்டும். நன்றாக இறுகும் முன் தேய்க்காதீர்கள், தேய்க்கும்போது தூசுக்கான முகக்கவசம் அணியுங்கள்.

கத்தி வெட்டு சிறியதாகத் தெரியும்போதுதான் ஏமாந்துபோகிறோம். வெட்டும் பொருளைப் பிடித்திருக்கும் கையின் ஆள்காட்டி விரலில் மெல்லிய கோடு போல இருக்கும், ரத்தமும் சீக்கிரம் நின்றுவிடும். சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்த பிறகு இரண்டு விஷயங்களைப் பாருங்கள். விரல் நுனி மூட்டு தனியாக மடங்குகிறதா? நுனியின் இருபக்கமும் தொடுவுணர்வு ஒரேமாதிரி இருக்கிறதா? ஒன்று இல்லையென்றாலும் தசைநாணோ நரம்போ அறுந்திருக்கலாம். அன்றே வாருங்கள். அறுந்த தசைநாண் உள்வாங்கிக்கொள்ளும், நாளாக நாளாகச் சேர்த்துத் தைப்பது கடினமாகிவிடும். மழுங்கிய பிளேடைத்தான் நாம் அழுத்துகிறோம், அதுதான் வழுக்குகிறது. ஆகவே பிளேடை அடிக்கடி மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

தையல் மெஷின் ஊசி விரலில் ஏறி முறிந்திருந்தால், கிடைத்த துண்டுகளை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் எக்ஸ்ரே எடுத்துத் தேடுவோம். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நாள்பட்ட வலிக்காக வருகிறீர்கள் என்றால், உங்கள் ஊசியையும் பாதி முடித்த வேலையையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். என் எதிரே உட்கார்ந்து ஐந்து நிமிடம் பின்னிக் காட்டுங்கள். எந்த விரல் தேவைக்கு மேல் இறுகுகிறது, மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்தே பாதி சிகிச்சையை முடிவு செய்துவிடலாம்.