குட்டிப் பயில்வானோட உடம்பு எப்படி வேலை செய்யுது?

தரையில ஒரு கடுகு கிடந்தா போதும், எங்க வீட்டு ரெண்டு வயசு பாப்பா அப்படியே குத்தவெச்சு உட்கார்ந்திடுவா. குதிகால் ரெண்டும் தரையில பதிஞ்சிருக்கும், முதுகு நேரா நிக்கும், கை எதையும் பிடிக்காது, கடுகை ரெண்டு விரல்ல எடுத்து நமக்கு காமிச்சிட்டு, வாயில போடலாமான்னு கொஞ்சம் யோசிச்சிட்டு, கையை ஊனாம எந்திரிச்சு ஓடிடுவா. ஜிம்ல டீப் ஸ்குவாட்னு மாசக்கணக்கா பழகுறாங்களே, அதேதான்.

முக்கிய காரணம் உடம்போட அளவு. ரெண்டு வயசுல மொத்த உயரத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு தலைதான், கால் குட்டை. குத்தவெக்கும்போது தொடை நீளமா இருந்தா பின்பக்கம் பாதத்தை விட்டு ரொம்ப பின்னாடி போய் ஆளை மல்லாத்திடும். குழந்தைக்கு தொடையும் குட்டை, தலையும் நெஞ்சும் முன்னாடி பாரம், அதனால எடை பூரா பாதத்துக்கு மேலயே நின்னுக்கும், கணுக்காலும் இடுப்பும் வேற நல்லா மடங்கும். பெரியவங்களுக்கு அது போறதுக்கு வயசை மட்டும் குறை சொல்ல முடியாது, நாற்காலிக்கும் பங்கு இருக்கு. தினமும் தரையில குத்தவெச்சு கீரை ஆயுற எங்க அப்பத்தா இன்னைக்கும் பாப்பாவுக்கு சரிசமமா உட்காருவாங்க!

அப்புறம் விழறது. நியூயார்க் பல்கலைக்கழகத்துல கேரன் அடால்ஃப்னு ஒரு ஆராய்ச்சியாளர், 12லருந்து 19 மாசக் குழந்தைங்களை இஷ்டத்துக்கு விளையாட விட்டு எண்ணிப் பார்த்தாங்க, 2012ல ரிசல்ட் வந்துச்சு. சராசரியா ஒரு மணி நேரத்துக்கு 2,368 அடி, 17 தடவை விழுதுங்க. 17! இருந்தும் ஒண்ணும் ஆகாம எந்திரிக்குதுங்கன்னா, விழும்போது மோதுற ஆற்றல் எடையையும் உயரத்தையும் பொறுத்ததுதான் காரணம். 80 சென்டிமீட்டர், 10 கிலோ குழந்தையையும் 165 சென்டிமீட்டர், 65 கிலோ ஆளையும் வெச்சு கணக்கு போட்டா, பெரியவங்க விழும்போது தரையில மோதுற ஆற்றல் 10 மடங்குக்கு மேல. குழந்தை பல நேரம் பொத்துன்னு பின்பக்கமாதான் உட்காருது, அங்க கொழுப்பும் இருக்கு டயப்பரும் இருக்கு.

எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த இன்ஜின்தான். கல்யாண மண்டபத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிட்டு, ஒரு மடக்கு தண்ணி குடிச்சிட்டு மறுபடி ஓடுறதுக்கு எங்கருந்து தெம்பு வருது? நாம வேகமா ஓடும்போது ஆக்சிஜன் பத்தாம தசை கடன் வாங்கி செலவு பண்ற மாதிரி ஒரு வழியில சக்தி எடுக்கும், அப்புறம் அந்தக் கடனை அடைக்கதான் மூச்சு வாங்குது. சின்னப் பசங்க தசை அந்த வழிக்கு அதிகம் போறதில்ல, ஆக்சிஜனை வெச்சே பெரும்பாலும் ஓட்டிடும். 2018ல பிரான்ஸ்ல செபாஸ்டியன் ராட்டெல் குழு 8லருந்து 12 வயசுப் பசங்க, பயிற்சி இல்லாத ஆம்பளைங்க, தேசிய அளவு நெடுந்தூர வீரர்கள் எல்லாரையும் சைக்கிள் மிதிக்க வெச்சு பார்த்தாங்க, களைப்புல பசங்க வீரர்களுக்கு சமமா இருந்தாங்க, இதயத் துடிப்பு இறங்கி நார்மலுக்கு வர்றதுல அவங்களையே முந்துனாங்க. ரெண்டு வயசை யாரும் சைக்கிள்ல ஏத்தி சோதிக்க முடியாது, ஆனா 2021ல 29 நாடுகள்ல 6,400 பேருக்கு மேல அளந்த ஒரு பெரிய ஆய்வுல, உடம்பு அளவுக்கு ஏத்த மாதிரி கணக்கு பண்ணா ஒரு வயசுக் குழந்தை பெரியவங்களை விட 50% அதிகமா சக்தி எரிக்குதுன்னு வந்துச்சு. அது பூரா ஓட்டத்துக்குப் போறதில்ல, உறுப்பும் மூளையும் வளர்றதுக்கும் சேர்த்துதான்.

இவ்ளோ இருந்தும் இதுங்களை உட்கார வெச்சு சக்கரத்துல ஓட்டுற வாக்கர் எதுக்குன்னு எனக்கு புரியல. அதுல குழந்தை கால் நுனியால தள்ளிட்டுப் போகுமே தவிர தன் எடையை தாங்காது, விழுந்து எந்திரிக்கிற பழக்கமே கிடைக்காது, படிக்கட்டு பக்கம் போனா பெரிய ஆபத்து. கனடாவுல 2004லயே தடை பண்ணிட்டாங்க. நம்ம மர நடைவண்டி அப்படி இல்ல, அதைப் பிடிச்சு நிக்கிறதும் தள்ளுறதும் குழந்தை சொந்தக் கால்லதான். முதல் பொறந்தநாளுக்கு என்ன வாங்கட்டும்னு மாமாவோ சித்தப்பாவோ கேட்டா நடைவண்டின்னு சொல்லுங்க.