சொல் விளக்கம்: டெக்னிக்கல் கம்யூனிகேஷன்

கோத்தகிரியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பிளஸ் டூ முடித்த கையோடு உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "பாடப்பிரிவு - தமிழில் எழுதவும்" என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. "டெக்னிக்கல் கம்யூனிகேஷனுக்குத் தமிழில் என்ன மாமா?" என்றாள். பின்னாலேயே வந்த அவள் அப்பா, தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். "செல்போன் டவர் படிப்புதானே சார், அதற்குத் தமிழ் இல்லையா?" என்று தன் பங்குக்குக் கேட்டுவைத்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் 'தொழில்நுட்பத் தகவல் தொடர்பு' என்று வரும். தகவல் தொடர்பு என்றால் நம் காதில் விழுவது கோபுரமும் சிக்னலும். தகவல் தொழில்நுட்பம் என்றால் ஐ.டி. இரண்டையும் குலுக்கிப் போட்டது போன்ற ஒரு பெயரைக் கேட்டு யார்தான் சரியாக ஊகிப்பார்கள்?

கம்யூனிகேஷன் லத்தீன் வழி வந்த சொல். அதன் அடியில் இருப்பது 'பொது' என்னும் பொருள். பலருக்கும் பொதுவாக்குவது, பகிர்வது. நோயைப் பகிர்ந்தாலும் இதே சொல்தான். தொற்றுநோயின் ஆங்கிலப் பெயரான 'கம்யூனிகபிள் டிசீஸ்' என்பதில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் பாதைக்கும் இதே பெயர். 1908இல் வெளிவந்த நீலகிரி மாவட்ட கெசட்டியரில் தலைப்பில் கம்யூனிகேஷன் என்று வரும் அத்தியாயத்தைப் புரட்டினால் மலைப்பாதைகளும் ரயிலும்தான் வரும். நம்முடைய 'தொடர்பு' வேறு வழியில் வந்தது. வள்ளுவர் 'பண்புடையாளர் தொடர்பு' என்கிறபோது அது நட்பு. அதைக் கம்பிக்கும் அலைக்கும் கொடுத்தது நம் காலம்.

டெக்னிக்கல் கிரேக்கத்திலிருந்து வந்தது: 'தெக்னே' என்றால் கைத்திறன், கலை. கிரேக்கத்தில் தச்சனைக் குறிக்கும் 'தெக்தோன்', வடமொழியின் 'தக்ஷன்' இரண்டும் இதற்குச் சொந்தக்காரர்கள். நம் 'தச்சன்' அந்தத் தக்ஷன் வழி வந்தவன் என்று காட்டும் அகராதிகள் உண்டு. ஆக, மூலப்பொருளைச் சேர்த்துப் படித்தால், கைத்திறன் உள்ளவன் தனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்கும் பொதுவாக்குவது. டவருக்கு இதில் வேலையே இல்லை.

படிப்பும் அதுதான். அமெரிக்காவில் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இதற்கு இளங்கலைப் பட்டமே உண்டு. இயந்திரக் கையேடு, மருந்துப் பெட்டிக்குள் வரும் விளக்கத்தாள், மென்பொருளின் உதவிப் பக்கம் ஆகியவற்றை எழுதவும், திருத்தவும், படம் போட்டு விளக்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். எழுதுவது பாதி வேலைதான். எழுதியதை அந்த விஷயமே தெரியாத ஒருவர் கையில் கொடுத்து, அவர் விரல் எந்த வரியில் தயங்கி நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதியை யாரும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் போன மாதம் ஒரு கேரட் தோட்டத்தில் பார்த்தேன். பூச்சிமருந்து டப்பாவில், தன் ஒரு முனையில் நிற்கும் சதுரம் போல ஒரு முத்திரை. அதன் கீழ்ப்பாதி பளிச்சென்ற நீலம். நச்சின் கடுமையைக் காட்ட சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று சட்டம் வைத்த வரிசை அது. சிவப்புதான் மிகக் கொடியது. தோட்டக்காரர் அதைக் கம்பெனியின் அடையாளம் என்று நினைத்திருந்தார். உள்ளே பல மடிப்பாக ஒரு தாள், கடைசி மடிப்பில் கடுகைவிடச் சின்ன எழுத்தில் தமிழ்: "தேவையான அளவு நீரில் கலந்து தெளிக்கவும்." யாருக்குத் தேவையான அளவு? அவர் டப்பா மூடியால் அளந்தார், டேங்குக்கு இரண்டு மூடி. ஏன் இரண்டு என்றதற்கு, "ஒன்று போதாதே" என்றார்.

இந்தத் தவற்றுக்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது. பவணந்தியார் நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை அடுக்கும்போது முதலில் நிறுத்துவது 'குன்றக் கூறல்', அதாவது சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. பத்து அழகுகளில் முதல் இரண்டு, 'சுருங்கச் சொல்லல்', 'விளங்க வைத்தல்'. இலக்கண நூலில் படித்து மதிப்பெண் வாங்கியதோடு நாம் விட்டுவிட்ட பட்டியல், ஒரு பட்டப்படிப்பின் பாடத்திட்டமாகவே நிற்கும்.

அந்த 'விளங்க வைத்தல்' வழியே போனால் பெயர் தானாக வருகிறது: தொழில்நுட்ப விளக்கவியல். தத்துவத்துறையில் விளக்கவியலை வேறொன்றுக்கும் வழங்குகிறார்கள். முன்னால் தொழில்நுட்பம் நிற்பதால் குழம்பாது. இலங்கைத் தமிழர்கள் கம்யூனிகேஷனுக்கு வழங்கும் 'தொடர்பாடல்' நல்ல சொல்தான், உரையாடலில் போல அதன் 'ஆடல்' என்பதில் சொல்பவர், கேட்பவர் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆனால் ஃபிட்டரின் காதில் அதுவும் டவராகத்தான் விழும். வேலை பார்ப்பவருக்குப் பெயர் வைப்பதுதான் சிக்கல். 'எழுத்தர்' என்றால் தாலுகா ஆபீஸ், 'எழுத்தாளர்' என்றால் சிறுகதை. நான் 'விளக்குநர்' என்பேன்.

அவள் அப்பாவுக்கு வேறு மாதிரி சொல்ல வேண்டியிருந்தது. "தேயிலையை நசுக்கிக் கிழிக்கும் ரோலரைக் கூர் தீட்டி மாட்டுவதைப் புதுப் பையனுக்கு நீங்கள் சொல்லித் தருகிறீர்கள் அல்லவா? நீங்கள் லீவில் இருக்கும் நாளிலும் அவன் விரல் போகாமல் செய்கிற மாதிரி அதை எழுதி வைக்கும் படிப்பு." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சத்தத்தை எப்படி எழுதுவாள்? இரண்டு ரோலருக்கும் நடுவில் இடைவெளி சரியா என்று நான் சத்தத்தில்தான் பார்க்கிறேன்" என்றார். மகளிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

கட்டத்தில் 'தொழில்நுட்ப விளக்கவியல்' என்று குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தாள். இரண்டு வாரம் கழித்து ரசீது வந்தது. கணினியில் ஏறியிருப்பது 'தகவல் தொழில்நுட்பம்'. திருத்துவதற்குத் தனி மனு கொடுக்க வேண்டுமாம்.