கிரேட்டிங் வேலையில் விழுந்தவருக்கு இழப்பீடு: எங்கே தட்டிக் கழிக்கிறார்கள்?

பெருந்துறைப் பக்கம் ஓர் ஆலையின் கட்டுமானத் தளத்தில் கிரேட்டிங், அதாவது நடப்பதற்கான இரும்புக் கம்பித் தட்டு, போடும்போது விழுந்து இடுப்பு உடைந்த வெல்டர் ஒருவரின் மருத்துவமனைச் சீட்டைப் பார்த்தேன். ‘வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தார்’ என்று எழுதியிருந்தது. சேர்க்கும்போது மேஸ்திரி சொன்னது. அந்த ஒரு வரிக்காக அவருடைய மனைவி மாதக்கணக்கில் அலைந்தார்.

வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு இருந்தால் அதன் வழியாகத்தான் பெற முடியும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

ஆகவே மருத்துவமனையில் ‘வேலைத்தளத்தில், கிரேட்டிங் போடும்போது விழுந்தார்’ என்று குடும்பத்தாரே சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டின் நகலை, ஏ.ஆர். காப்பி என்பார்களே, அதை அன்றே கேளுங்கள்.

அடுத்து, “அவர் எங்கள் ஆளே இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள்” என்று ஆலை நிர்வாகம் கைவிரிக்கும். நம்பாதீர்கள். ஆலையின் வழக்கமான தொழிலுக்கான வேலையை ஒப்பந்தத்தில் விட்டிருந்தால் ஆலையும் பொறுப்பு. “பாதுகாப்பு பெல்ட் போடவில்லை, அவர் தப்பு” என்பார்கள். வெறும் கவனக்குறைவு இழப்பீட்டைப் பறிக்காது. வேண்டுமென்றே விதியை மீறினார் என்று நிரூபித்தாலும், இறந்தவர் குடும்பத்துக்கும் முழு நிரந்தர ஊனம் அடைந்தவருக்கும் அந்தச் சாக்கு செல்லாது.

மிகப் பெரிய பொறி கைக்காசு. துக்க வீட்டில் ஐம்பதாயிரத்தை வைத்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். இறப்புக்கான இழப்பீட்டை முதலாளி தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் செலுத்த வேண்டும். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதிய தாள் செல்லாது. 30 வயதில் இறந்தவரின் மாதக் கூலியை 15,000 ரூபாயாகக் கொண்டால் பழைய 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணைப்படியே 15,59,850 ரூபாய் வருகிறது. எதை விட்டுக் கையெழுத்துப் போடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு: பழைய தட்டைக் கழற்றிய இடம் வாய் திறந்த கிணறு, தடுப்புக் கட்டாமல் நகராதீர்கள். பீமோடு பிடித்து வைக்கும் கிளிப் போட்டு இறுக்காத தட்டு மிதித்தால் நழுவும். ஒன்றை இறுக்கிய பிறகே அடுத்ததை வையுங்கள். சுமை தாங்கும் பட்டைகள் ஒரு பீமிலிருந்து அடுத்த பீமுக்கு ஓட வேண்டும். தட்டைத் திருப்பிப் போட்டால் மடங்கிவிடும். கிரேனில் தூக்கும் கட்டுக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது. ஆடிக் காற்றில் அது சுழலும். நுனியில் கயிறு கட்டித் தள்ளி நின்று திருப்புங்கள். கிளிப் இல்லாத தட்டுகளைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு கேட்டால் எல்லாம் இறுக்கியிருக்கும்.

விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். விபத்து நடந்த ஊரில்தான் கொடுக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினால், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய இழப்பீட்டு ஆணையரிடமும் கொடுக்கலாம் என்று சொல்லுங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.