உடைகலம்

மூழ்கிப்போன கப்பலைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'கப்பல் சிதைவு', 'மூழ்கிய கப்பலின் எச்சங்கள்' என்று சுற்றி வளைக்கிறோம். ஆங்கிலத்தில் 'ரெக்' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. நமக்கும் மணிமேகலைக் காலத்திலிருந்தே ஒற்றைச் சொல் இருக்கிறது: உடைகலம்.

ஆதிரையின் கணவன் சாதுவன் போன மரக்கலம் காற்றில் சிக்கி உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு அவன் நாகர் மலையில் கரையேறுகிறான். பிறகு நாகர் தலைவனிடம் அவன் வேண்டுவது, உயிர் தப்பி இங்கே வந்துசேரும் 'உடைகல மாக்களை'க் கொல்லாதீர்கள் என்பதுதான். கலம் என்றால் உண்ணும் பாத்திரமும் உண்டு, கப்பலும் உண்டு. தனக்குள் ஒன்றை ஏந்திக்கொள்வது கலம்.

'ரெக்' வந்த வழி வேறு. ஸ்காண்டிநேவிய மொழியில் பிறந்து, நார்மானியப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது. அலை தள்ளிக் கரையில் ஒதுக்கிய பொருள் என்பதே அதன் முதற்பொருள். உடைந்த கப்பலையே அது குறித்தது பின்னால்தான்.

இந்தச் சொல்லை ஓர் ஏரியில் வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் வெர்மான்ட், நியூயார்க் மாநிலங்களுக்கு நடுவே இருப்பது சாம்ப்ளேன் ஏரி. அங்கே 1815இல் வெர்ஜென்ஸ் ஊரில் கட்டப்பட்ட நீராவிக்கப்பல் ஃபீனிக்ஸ். முழுக்க மரம், 146 அடி நீளம். (நீராவிப் படகு என்று சிலர் எழுதுகிறார்கள். இவ்வளவு பெரியதைப் படகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.) 1819 செப்டம்பர் 4 இரவு 46 பேரோடு பர்லிங்டனை விட்டுப் புறப்பட்டது. தலைவர் நோயில் படுத்திருந்ததால், 22 வயதான அவர் மகன் ரிச்சர்ட் ஷெர்மன் பொறுப்பேற்றிருந்தார். நள்ளிரவுக்குப் பின் தீப்பிடித்தது. அணைக்காமல் விட்ட மெழுகுவத்தி என்பார் பலர், போட்டிக்காரர் வைத்த தீ என்பாரும் உண்டு. இரண்டு சிறு படகுகளில் பெரும்பாலோர் தப்பினார்கள். எரிகிற கப்பலில் விடப்பட்டவர்கள், சாதுவனைப் போலவே, கையில் கிடைத்த பலகையைப் பற்றிக்கொண்டு தண்ணீரில் குதித்தார்கள். ஆறு பேர் இறந்தார்கள்.

எந்திரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அடிக்கூடு ஏரிக்குள் போயிற்று. 1978இல் முக்குளிப்பவர்கள் அதைக் கண்டபோது, 60 அடி ஆழத்திலிருந்து 110 அடி வரை இறங்கும் சரிவில் சாய்ந்து கிடந்தது. அதன் விலாமரங்களின் நுனிகள் இன்றும் கரிந்தே இருக்கின்றன. மரத்தைத் துளைக்கும் கடற்புழு நன்னீரில் இல்லை, ஆழத்தில் குளிரும் அதிகம். அதனால்தான் இவ்வளவு மிஞ்சியது.

எரிந்து மூழ்கியதை உடைகலம் எனலாமா? எனலாம் என்றே நினைக்கிறேன். உடைகலம் வினைத்தொகை: உடைந்த கலம், உடைகின்ற கலம், உடையும் கலம், மூன்றும் அதில் அடங்கும். 'சிதைவு' என்றால் எல்லாம் முடிந்துவிட்டதுபோல் ஒலிக்கிறது. ஃபீனிக்ஸுக்கு இன்னும் முடியவில்லை. 1993இல் சாம்ப்ளேனுக்குள் புகுந்த ஸீப்ரா மஸல் என்ற சிறு சிப்பிகள் ஏரியின் உடைகலங்கள்மேல் அப்பிக்கொண்டு பாரமேற்றுகின்றன. அவற்றின் அடியில் மரத்தைப் பிணைத்த இரும்பாணிகள் அரிபடுகின்றன.